ஈரக் கரண்டி: கொழும்புத்துறைக் குசினிப் போத்தல்கள் பற்றிய ஒரு தத்துவ விசாரணை

நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்று அறியத் தொன்னையைக் கவிழ்த்துப் பார்த்த தர்க்க சாத்திரியாரைக் கேலி பண்ணியே பழகிவிட்டோம். இது அநியாயம். உணவுக்கும் அதைத் தாங்கும் பாண்டத்துக்கும் உள்ள உறவை நேரடிச் சோதனையால் நிறுவ முயன்ற மனிதர் அவர். செலவும் ஒரு தொன்னை நெய்தான். இன்றைய ஆய்வுத் திட்டங்கள் எதுவும் அவ்வளவு மலிவில் முடிவதில்லை. அவருக்குப் பின் இத்துறை கவனிப்பாரற்றுப் போயிற்று. யாழ்ப்பாணத்தார் கண்டனம் எழுதாத பொருள் இல்லை என்பார்கள். ஆறுமுக நாவலர் காலந்தொட்டுக் கோயில், கிறிஸ்தவம், அருட்பா, மருட்பா என்று எத்தனையோ பத்திரங்கள் அச்சேறின. யாழ்ப்பாணத்து உயர்கல்விகூட 1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் முழுப் பல்கலைக்கழகமே ஆகிவிட்டது. ஆனால் குசினி றாக்கையில் வரிசையாக நிற்கும் போத்தல்களைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம்கூட என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையை நீக்கவே இவ்வாய்வு. இதன் மேற்கோள் ஒன்றே: வீட்டுச் சமாதானம் போத்தலில் தங்கியிருக்கவில்லை, அதற்குள் போகும் கரண்டியில் தங்கியிருக்கிறது.

களமாகக் கொழும்புத்துறையை எடுத்ததற்குப் பௌதிகக் காரணம் உண்டு. ஊர் யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியைப் பார்த்தபடி இருக்கிறது. முன்னாளில் பூநகரிப் பக்கம் போகிறவர்கள் இங்கேதான் வள்ளம் ஏறினார்கள். வைகாசி பிறந்தால் சோளகம் ஏரித் தண்ணீரைத் தடவிக்கொண்டு நேரே குசினி யன்னலுக்குள் நுழையும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் மற்றப் பக்கத்தால் வரும். ஆக, உப்புப் போத்தலுக்கு நட்பான காற்று வருடத்தில் ஒன்றும் இல்லை. தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்போடு ஒட்டி வருகிற மகனீசியம் குளோரைட்டு 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். ஆனையிறவுக் கல்லுப்பைத் திறந்து வைத்துவிட்டு “உப்பு ஏன் அழுகுது?” என்று கேட்பவர் இரசாயனவியலைக் கோபிக்கக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. யோகர் சுவாமிகள் பல பத்தாண்டுகள் ஒரு சிறு குடிலில் இருந்தது இந்த ஊரில்தான். 1964 இல் சமாதியானார். ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் ஒருவர் வாழலாம் என்பதற்கு ஊருக்குள்ளேயே சான்று இருக்க, அயல் வீடுகளின் றாக்கைகளில் போத்தல்கள் மூன்று நிரையாக நிற்கின்றன. இந்த முரண்பாட்டை விளக்க வேண்டியது ஆய்வாளன் கடமை.

வரலாறு, சுருக்கமாக

1344 இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா புத்தளத்தில் யாழ்ப்பாண மன்னன் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னனிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு மாணிக்கக் கிண்ணம் இருந்தது, அதில் அகில் எண்ணெய் இருந்தது என்று எழுதி வைத்தார். பாண்டமும் உள்ளிருந்த பொருளும் சேர்ந்து பதிவானது ஆய்வுக்குப் பெரிய பேறு. ஆனால் எண்ணெயை எதனால் எடுத்தார்கள், விரலாலா கரண்டியாலா என்று அவர் சொல்லவில்லை. பயணிகள் முக்கியமானதைத்தான் விடுவார்கள். பின்னர் அவரே கிழக்குக் கடலில் போகும்போது, இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றை உப்பிலிட்டு நிரப்பிய மர்தபான் சாடிகள் நான்கு அவருக்கு அன்பளிப்பாகக் கிடைத்தன. கப்பலில் அந்தச் சாடிக்குள் முதலில் கைவிட்டவரின் கை உலர்ந்திருந்ததா என்பது பற்றியும் மௌனம்.

எங்கள் வீடுகளில் பனைதான் பாண்டமாக இருந்தது. பனங்கட்டிக்குக் குட்டான், மாவுக்கு மூடுபெட்டி, ஒடியலுக்குக் கடகம். ஓலை மூச்சுவிடும், உள்ளே கிடக்கிற பொருள் வேர்க்காது. பாணிப் பனாட்டுக்கும் ஊறுகாய்க்கும் மட்டும் சாடி. கண்ணாடி பின்னால் வந்தது, அதுவும் வெறுமையாக வரவில்லை. 1858 இல் அமெரிக்காவில் ஜோன் மேசன் என்பவர் போத்தலின் வாயில் மரை வைத்து மூடியைத் திருகிப் பூட்டும் முறைக்கு உரிமம் எடுத்தார். 1873 இல் ஹோர்லிக் சகோதரர் இருவர் சிக்காகோவில் கம்பனி தொடங்கினர். மூவரும் சேர்ந்து கொழும்புத்துறையில் மல்லித்தூளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள் என்ற செய்தியை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அளவைகள்

யாழ்ப்பாணக் குசினியின் முதல் விதி: போத்தலில் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பொருள் உள்ளே இல்லை. ஹோர்லிக்ஸ் போத்தலில் மல்லி இருக்கும். நெஸ்கபே போத்தலில் பெருஞ்சீரகம். எம்.டி. ஜாம் போத்தலில் தேசிக்காய் ஊறுகாய். மார்மைற்றின் கறுத்தக் குண்டுப் போத்தலில் கராம்பு. அது வெளியே தெரியாது, ஆகையால் களவும் போகாது. ஹோர்லிக்ஸ் போத்தலில் ஹோர்லிக்ஸ் இருப்பது வீட்டில் ஒருவர் காய்ச்சலாகக் கிடக்கும் நாட்களில் மட்டுமே.

அப்படியானால் உள்ளே இருப்பதை அறிவது எப்படி? காண்டல், கருதல், உரை என்ற மூன்று அளவைகளையும் சைவ சித்தாந்தம் தந்திருக்கிறது. அவற்றைக் குசினியில் பிரயோகித்துப் பார்ப்போம். காண்டல் உடனே தோற்கும். சீனியும் உப்புத்தூளும் கண்ணுக்கு ஒன்று. அவித்த கோதுமை மாவும் வெள்ளை அரிசிமாவும் கண்ணுக்கு ஒன்று. பின்னேரம் ஆறு மணிக்கு மின்வெட்டு வந்தால் குரக்கன் மாவும் மிளகாய்த்தூளும்கூட ஒன்றுதான். கருதல் என்பது மூடியைத் திறந்து மணந்து பார்த்து ஊகிப்பது. மிளகுத்தூளில் இதைச் செய்தவர் இரண்டாம் தரம் செய்வதில்லை. மிஞ்சுவது உரை. உரையாவது ஆப்தர் வாக்கு. இங்கே ஆப்தர் அம்மா.

“அம்மா, சீரகம் எங்கை?”

“உந்த நெஸ்ரோமோல்ற் போத்தலுக்குப் பின்னாலை நிக்கிற ஹோர்லிக்ஸ் போத்தலுக்கை.”

“அதுக்கை வெந்தயமெல்லோ கிடக்கு?”

“அது சின்னன். நான் சொன்னது பெரிசு.”

பேசும்போது அவர் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார், றாக்கையைத் திரும்பியும் பார்க்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். குசினி அதிகாரம் என்பது இதுதான். திறப்புக்கோர்வை மருமகளின் இடுப்புக்குப் போன பிறகும் போத்தல் ஞானம் மாமியாரிடமே பல காலம் நிற்கிறது. அதனால்தான் அவரைக் கோபித்துக்கொண்டு ஒருவரும் சமைக்க முடிவதில்லை.

இதற்கெல்லாம் பெயர் ஒட்டினால் போதாதா என்பது மறுதரப்பு. அந்தச் சீர்திருத்தமும் நடந்துதான் இருக்கிறது. லீவில் கனடாவிலிருந்து வருகிற பெறாமகள் ஒருத்தி ஒரு பின்னேரம் முழுக்க இருந்து, அழகான எழுத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டிவிட்டுப் போவாள். மாரி வருவதற்குள் தூள்கள் இடம் மாறிவிடும், துண்டுகள் இடம் மாறாது. முன்பு போத்தலுக்கு ஒரு பொய்ப் பெயர் இருந்தது, இப்போது இரண்டு.

பூசணத்தின் மூன்று காரணங்கள்

இனி ஆய்வின் மையம். ஊறுகாயில் வெள்ளை படர்கிறது. ஏன்? “இந்தமுறை மழை கூட” என்பது பூர்வபட்சம். “வெயில் காணாது” என்பது அதன் கிளைப்பட்சம். இரண்டையும் கண்டிப்பது எளிது. அதே பாயில், அதே வெயிலில் காய்ந்து, அதே நாளில் போத்தலில் அடைத்து அடுத்த வீட்டுச் சின்னம்மாவுக்குக் கொடுத்த ஊறுகாய் இன்னமும் பொன்போல இருக்கிறது. சின்னம்மா தனியே இருப்பவர்.

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று பாடம் கேட்டிருக்கிறோம். பூசணத்துக்கு நீர் முதற்காரணம், கரண்டி துணைக்காரணம். இதில் சித்தாந்திக்கும் விஞ்ஞானிக்கும் பிணக்கில்லை. ஒரு கிருமிக்கு வேண்டியது வெறும் தண்ணீர் அல்ல, உப்போ சீனியோ பிடித்து வைத்திராத தண்ணீர். அதை 0 முதல் 1 வரையான அளவுகோலில் அளக்கிறார்கள். சுத்த நீர் 1. பெரும்பாலான பக்றீரியாக்கள் 0.91 க்குக் கீழே பெருகுவதில்லை, பெரும்பாலான பூசணங்கள் 0.80 அளவில் நின்றுவிடும். உப்பு இனிக் கரையாது என்ற மட்டத்துக்கு ஏறிய கரைசல் 0.75. ஆகவே நல்லாக உப்புப் பிடித்த ஊறுகாய், தன் பாட்டில் விட்டால், ஏறக்குறைய எவருக்கும் அசையாது. அதன்மேல் கழுவிய கரண்டியிலிருந்து சில சொட்டுகள் விழுகின்றன. அவை அடிக்குப் போய்க் கலப்பதில்லை. மேலேயே நின்று அந்த இடத்தின் உப்பை ஐதாக்குகின்றன. காற்றும் அங்கேதான் இருக்கிறது. பூசணத்துக்குக் காணியும் கிணறும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி. மேலே ஒரு விரல் நல்லெண்ணெய் நிற்க வேண்டும் என்று அம்மம்மாமார் சொன்னது அந்தக் காற்றை மறிக்கத்தான்.

நிமித்தகாரணன் யார் என்ற இடத்தில் விசாரணை தடைப்படுகிறது. “ஆர் உதுக்கை ஈரக்கரண்டி விட்டது?” என்று கேட்டால் வீடு முழுவதும் மௌனம். மௌனம் ஞானியருக்கு உரியதென்றாலும், எந்த ஊராக இருந்தாலும் இந்த மௌனத்தை ஞானம் என்று ஏற்க முடியாது.

சீனிப் போத்தலில் மட்டும் தடயம் கிடைக்கும். தேத்தண்ணி கலக்கின கரண்டியாலேயே அடுத்த கோப்பைக்குச் சீனி அள்ளுகிற வழக்கம் எல்லா வர்க்கத்தாரிடமும் உண்டு. அப்படி அள்ளும் ஒவ்வொரு தரமும் வெள்ளைச் சீனிக்குள் மண்ணிற உருண்டை ஒன்று பிறக்கும். செத்தவீடு முடிந்த வீட்டுச் சீனிப் போத்தலை ஒருமுறை பார்த்தால் வந்தவர் தொகையை உத்தேசமாகச் சொல்லிவிடலாம். பால்மாவில் உருண்டை நிறம் மாறாது, ஆனால் கல்லாகும். பாலில் உள்ள லக்ரோஸ் ஈரத்தை இழுத்துப் பளிங்காகித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால் வருகிற வினை அது.

அள்ளுதல்

போத்தலுக்கு வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்று அங்கங்கள் ஐந்து. இவற்றில் தோளே கொடியது. மேலே உள்ளதைக் கரண்டி தாராளமாகக் கொடுக்கும். கீழே போகப் போக, தோளின் உள்மடிப்பில் ஒரு பங்கு தங்கிக்கொள்ளும். கரண்டியின் பிடி போத்தலின் ஆழத்தைவிடக் குட்டையாக இருந்தால், அது உள்ளே விழுந்துவிடும். அதை எடுக்க இன்னொரு கரண்டி போகும். இரண்டு கரண்டி கிடக்கும் மிளகாய்த்தூள் போத்தலை நான் பார்த்திருக்கிறேன். அது அந்த வீட்டில் ஒரு குறையாகக் கருதப்படவில்லை.

கருவிகளில் ஆயுள் கூடியது குழந்தைப் பால்மாப் பேணிக்குள் வரும் பிளாஸ்டிக் கரண்டி. பிள்ளை வளர்ந்து கலியாணம் முடித்துப் போன பிறகும் அது தேயிலைப் பேணிக்குள் கிடந்து உத்தியோகம் பார்க்கும். பேணியே கருவியாவதும் உண்டு: வெறும் ரின்பால் பேணிதான் எங்கள் அரிசிச் சுண்டு, நாலு சுண்டு ஒரு கொத்து. சுண்டால் அளந்து போட்ட பிறகு ஒரு கைப்பிடி மேலே போடுவார்கள். திட்டமாக அளந்ததைத் திட்டமில்லாமல் முடிப்பது ஏன் என்று கேட்டால், “ஆரும் வந்தால்?” என்பதே விடை.

ஒரு பொருள் முடிகிற கட்டம் தனி ஆய்வுக்கு உரியது. எந்தப் போத்தலிலும் கடைசி அரைக் கரண்டி அப்படியே நிற்கும். முடித்தவர் கழுவி, காயவைத்து, நிரப்ப வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஆகவே முடிப்பார் இல்லை. அரைக் கரண்டி மல்லி மாதக் கணக்கில் கிடக்க, அதன் பக்கத்தில் புது மல்லி பைக்கற்றிலேயே றப்பர் வளையம் போட்டு நிற்கும்.

போத்தல் ஒன்றுக்குத் தனி மரியாதை கிடைத்த காலமும் இருந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டில் மின்சாரம் போயிற்று. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் தடைப்பட்டியலில். அப்போது ஜாம் போத்தலின் அடியில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயில் திரி கோத்து உள்ளே எரிய வைத்தார்கள். போத்தலே சிமினி, காற்று அணைக்காது, எண்ணெயும் மெல்லத்தான் குடிக்கும். றாக்கையில் இருந்த ஊறுகாயும் தூளும் பேணிகளுக்குக் குடிபெயர்ந்தன. ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியது. இன்று லண்டனிலோ ரொறன்ரோவிலோ வெறும் ஜாம் போத்தலை எறிய மாட்டேன் என்று கழுவிக் கவிழ்த்து வைக்கும் ஐம்பது வயதுக்காரரைக் கஞ்சர் என்று சொல்ல முன், அவர் எந்த ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எடுத்தார் என்று கேட்க வேண்டும்.

தீர்ப்பு வருமாறு. கடைசி அரைக் கரண்டியை விட்டுவைத்தவருக்கு எச்சரிக்கை மட்டும். அது எல்லாரும் செய்வது. கரண்டியைப் போத்தலுக்குள் தொலைத்தவர் அதைத் தானே கவிழ்த்து எடுக்க வேண்டும், கொட்டியதைத் தானே கூட்ட வேண்டும். ஈரக்கரண்டி விட்டவர் யாரென்று நிரூபிக்கப்பட்டால், அடுத்த முறை செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து முடிந்தவுடன் மில்லுக்குக் கொண்டுபோய், திரித்து முடியும்வரை மிசினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் அவரே. தும்மலுக்கு இவ்வாய்வு பொறுப்பல்ல.