மறுக்கும் முயலுக்கு நகம் வெட்டுதல்: ஓர் இல்லற ஆய்வு

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அடம்பிடிப்பவர் கையில் ஒரு நகவெட்டியைக் கொடுத்தால் விவாதம் அன்றைக்கே முடிந்துவிடும். முயலின் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகம், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு. ஆக மொத்தம் 18. மூன்று கால் கட்சியின் கணக்குப்படி, இல்லாதது முன்னங்கால் என்றால் 13, பின்னங்கால் என்றால் 14. எந்தக் கால் இல்லை என்பதை அக்கட்சியினர் இன்றுவரை தெளிவுபடுத்தவில்லை. நாலு கால் கட்சியிலும் குறை உண்டு. வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் 16 நகத்தோடு எழுந்துவிடுகிறார்கள். முன்னங்காலின் உட்புறம், மற்ற விரல்களுக்குச் சற்று மேலே, மயிருக்குள் ஒளிந்திருக்கும் பெருவிரல் நகம் இரண்டும் கணக்கில் வருவதேயில்லை.

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நகம் வெட்ட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 216 நகம். நன்றாகப் பராமரித்தால் வீட்டு முயல் எட்டு, பத்து ஆண்டு வாழும். பத்தாண்டுக்கு 2,160. முயலை விற்பவர் கூண்டைப் பற்றிப் பேசுவார், தீவனத்தைப் பற்றிப் பேசுவார். இந்த எண்ணைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

இந்த ஆய்வு எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. இரண்டு கிலோ எடையுள்ள ஒரு பிராணி, ஆளுக்கு அறுபது கிலோ எடையுள்ள இரண்டு பேரை மாதாமாதம் எப்படித் தோற்கடிக்கிறது?

முன்னோர் சொன்னதும் சொல்லாததும்

இத்துறையில் முன்னோர் விட்டுச்சென்றது மிகக் குறைவு. லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் வரும் வெள்ளை முயலுக்குக் கோட்டு உண்டு, கடிகாரம் உண்டு, வெள்ளைத் தோல் கையுறையும் உண்டு. கையுறையைத் தொலைத்துவிட்டு அது பதறுகிறது. சீமாட்டியின் கோபத்துக்குப் பயந்துதான் அந்தப் பதற்றம் என்று கதை சொல்கிறது. வெட்டாத நகத்தை ஊர் பார்த்துவிடுமே என்ற பயமாகவும் இருக்கலாம் என்ற கோணத்துக்கு அறிஞர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட கதையில் பீட்டர் முயல் தோட்டக்காரருக்குத் தப்பி, சட்டையையும் காலணியையும் இழந்து வீடு வந்து சேர்கிறது. வெறுங்காலோடு எதிரில் நிற்கும் பிள்ளையின் நகத்தைப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எந்தத் தாய்க்குக் கிடைக்கும்? அவளோ மூலிகைத் தேநீர் கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறாள். பாட்டர் சொந்தமாக முயல் வளர்த்தவர். அதற்குக் கழுத்துவார் கட்டித் தெருவில் நடத்திச் சென்றவர். அவரே இந்த இடத்தில் மௌனம் சாதித்தது துறைக்குப் பேரிழப்பு.

ஆமையிடம் முயல் தோற்ற கதையும் மறுவாசிப்புக்கு உரியது. நடுவழியில் தூங்கிவிட்டது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நகம் அளவுக்கு மீறி வளர்ந்த முயலால் பாதத்தைச் சரியாக ஊன்ற முடியாது, நடையே மாறிவிடும் என்ற மருத்துவ உண்மையை அந்தப் பந்தயத்தோடு யாரும் பொருத்திப் பார்க்கவில்லை.

தமிழ் மரபு இன்னும் ஒரு படி மேலே போய், உலகத்தில் இல்லாத பொருளுக்கே முயற்கொம்பைத்தான் உதாரணம் காட்டியது. ரிச்சர்ட் ஷோப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1933இல் இதில் கைவைத்தார். அந்நாட்டுக் காட்டு முயல்கள் சிலவற்றின் தலையில் கொம்பு மாதிரி முளைக்கும் கட்டிகளுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று காட்டினார். அந்தக் கட்டி கெரட்டின் நிறைந்தது. மாட்டுக்கொம்பின் மேலுறையும் கெரட்டின், முயலின் நகமும் கெரட்டின். தலையையே பார்த்துக்கொண்டிருந்த தர்க்கவாதிகள் சற்றுக் குனிந்து காலைப் பார்த்திருந்தால் ஒரே முயலிடம் 18 கொம்பு கிடைத்திருக்கும்.

நகம் வளர்வதன் அரசியல்

இன்று வீடுகளில் வளரும் எல்லா முயல் இனங்களுக்கும் மூதாதை ஐரோப்பியக் குழிமுயல். அதன் பூர்விகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பம். நம் காட்டுப்புறங்களில் இரவில் வண்டி வெளிச்சத்தில் ஓடும் முயல் வேறு சாதி. அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி கண் திறந்து, மயிரோடு பிறக்கிறது. குழிமுயலின் குட்டி கண் மூடி, மயிரில்லாமல் மண்ணுக்கடியில் பிறக்கிறது. ஆகவே குழிமுயலுக்குத் தோண்டுவது குலத்தொழில். முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும், பின்னங்காலால் அதைப் பின்னுக்குத் தள்ளும். இந்த வேலையிலேயே நகம் தேய்ந்துவிடும்.

பல்லுக்கும் இதே ஏற்பாடுதான். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். புல்லையும் வைக்கோலையும் அரைத்து அரைத்துத் தேயும். மனிதன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது புல்லை மறக்காமல் வாங்கிப் போட்டான். மண்ணுக்குப் பதிலாக வழவழப்பான டைல்ஸ் தரையைக் கொடுத்தான். அதில் முயல் வழுக்குமே தவிர நகம் தேயாது.

நகம் நீண்டால் என்ன கெடுதி என்று கேட்பவர்கள் முயலின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாய், பூனைக்கு இருப்பதுபோல் அங்கே மெத்தை கிடையாது, மயிர் மட்டும்தான். நகம் நீண்டு விரலை மேலே தள்ளும்போது உடல் எடை குதிகாலுக்குப் போகிறது. அங்கே மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிறது. கம்பிவலைத் தரையுள்ள கூண்டில் இது இன்னும் சீக்கிரம் வரும். நீண்ட நகம் துணியிலோ கம்பியிலோ மாட்டிப் பிய்ந்து வருவதும் உண்டு.

மறுப்பின் தர்க்கம்

முயல் நகவெட்டிக்குப் பயப்படுகிறது என்பது பரவலான கருத்து. இதை மறுக்க ஒரு எளிய சோதனை போதும். நகவெட்டியைத் தரையில் போட்டால் முயல் வந்து முகர்ந்து பார்க்கும், முன்பல்லால் ஒரு தடவை கடித்தும் பார்க்கும். அதே முயலின் வயிற்றுக்கடியில் வெறுங்கையை நுழைத்தால் போர் தொடங்கிவிடும். அதன் வழக்கு தூக்கப்படுவதற்கு எதிரானது.

வழக்கில் நியாயமும் இருக்கிறது. முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் உயரத்தில் அமைந்தவை. மேலேயும் பின்னாலேயும் ஏறத்தாழ எல்லாமே தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் மட்டும் ஒரு சிறிய குருட்டுப் பகுதி. கழுகையும் நரியையும் மனத்தில் வைத்து அமைந்த ஏற்பாடு இது. லட்சக்கணக்கான ஆண்டுகளாகத் தரையை விட்டு மேலே போன முயல்களில் திரும்பி வந்து அனுபவத்தைச் சொன்னவை அரிது. தூக்கும் கையில் நகவெட்டி இருக்கிறதா, கொத்தமல்லி இருக்கிறதா என்று விசாரிக்க அந்த மரபில் அவகாசம் இல்லை.

இன்னொரு காரணம் எலும்பில் இருக்கிறது. பூனையின் எலும்புக்கூடு அதன் எடையில் 12, 13 சதவீதம். முயலுக்கு 7, 8 சதவீதம்தான். அந்த மெல்லிய சட்டகத்தில் பூட்டியிருப்பதோ உதைப்பதற்கென்றே வளர்ந்த பின்னங்கால் தசை. பின்புறத்துக்குத் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் பிடித்தால், தான் உதைக்கும் வேகத்திலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும் முயல்கள் உண்டு. காதைப் பிடித்துத் தூக்கும் பழைய சினிமாப் பழக்கம் இதனினும் கொடுமை.

வலிமையால் வெல்லலாம் என்று நம்புகிறவர்களுக்கு ஆஸ்திரேலியா ஒரு பாடம். 1859இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைக்காக இரண்டு டஜன் அளவுக்கு முயல்களை அவிழ்த்துவிட்டார். அரை நூற்றாண்டுக்குள் மேற்கு ஆஸ்திரேலியா தன்னைக் காத்துக்கொள்ள வேலி போட வேண்டியதாயிற்று. 1901இல் தொடங்கி 1907இல் முடித்த அந்த வேலிகளில் முதலாவது மட்டும் 1,800 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கட்டி முடிப்பதற்குள்ளேயே முயல்கள் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தன. ஓர் அரசாங்கத்தை ஏமாற்றிய பரம்பரைக்கு எதிராக நம் வீடுகளில் பயன்படுத்தும் ஆயுதம் ஒரு பூந்துவாலை.

முறைகள் மூன்று

முதல் முறை மல்லாத்துதல். மல்லாக்கப் போட்டால் முயல் அசையாமல் கிடக்கும் என்பது உண்மை. 1646இல் அதனாசியுஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார் கோழியை இப்படி அசையாமல் கிடத்தும் வித்தையைப் பதிவு செய்திருக்கிறார். முயல் சொக்கிப்போய்ச் சுகமாகக் கிடக்கிறது என்று வளர்ப்பவர்கள் வெகுகாலம் நம்பினார்கள். அது சுகமல்ல, எதிரி வாயில் அகப்பட்ட இரை செத்ததுபோல் கிடக்கும் கடைசித் தந்திரம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. வெளியே அசைவில்லை, உள்ளே பயம் உச்சத்தில். இந்த முறையை இவ்வாய்வு நிராகரிக்கிறது.

இரண்டாவது முறை துவாலை. கொழுக்கட்டை மாவுக்குள் பூரணத்தை மூடுவதுபோல் முயலைத் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றி, ஒவ்வொரு காலாக உருவி வெட்டுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். உரையாடல் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

“பிடிச்சுட்டீங்களா?”

“பிடிச்சுட்டேன், நீ வெட்டு.”

“இது பின்னங்காலுங்க. முன்னங்கால் எங்க?”

“உள்ளதான் இருந்துச்சு.”

“துண்டு மட்டும்தான் இருக்கு. முயல் எங்க?”

நன்றாகச் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இம்முறை பலன் தரும். ஆனால் முயலுக்கு நம்மைப்போல் வியர்த்து உடலைக் குளிர்விக்கத் தெரியாது. உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத அறையில், துவாலைக்குள் வெகுநேரம் வைத்திருப்பது நகத்தைவிடப் பெரிய ஆபத்து.

மூன்றாவது முறை தவணை. முயலைத் தூக்குவதே இல்லை. தரையில் வழுக்காத பாய் அல்லது சாக்கை விரித்து, ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, முயலின் பின்புறம் தன் பக்கம் இருக்குமாறு முழங்கால்களுக்கு நடுவே அணைத்துக்கொள்கிறார். முன்னால் கொத்தமல்லித் தழை. அது மென்று கொண்டிருக்கும்போது ஒரு பாதத்தை மட்டும் சிறிதளவு உயர்த்தி வெட்டுகிறார். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு ஒரு கால். நாலு நாளில் 18 நகம். முயல் காலை இழுத்துக்கொண்டால் அன்றைய கூட்டம் ஒத்திவைக்கப்படும். நகம் வெட்டாத நாளிலும் பாதத்தைத் தொட்டுவிட்டுத் தழை கொடுத்துவந்தால் எதிர்ப்பு மெல்லத் தணிகிறது. முயலின் வழக்கு தூக்கப்படுவதைப் பற்றியது என்பதால், தூக்காதவர் மேல் வழக்கே இல்லை.

தழை விஷயத்தில் அருகம்புல்லும் செல்லுபடியாகும். அது பிள்ளையாருக்கும் முயலுக்கும் பொது. பிள்ளையாரின் வாகனத்துக்கும் முயலுக்கும் உறவு என்றுதான் விலங்கியலும் வெகுகாலம் சொல்லிவந்தது. மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் முயலுக்கு இன்னொரு ஜோடிச் சிறு பல் இருப்பது எலிக்குக் கிடையாது. 1912இல் கிட்லி என்ற அமெரிக்க அறிஞர், முயல்களைக் கொறிக்கும் வரிசையிலிருந்து பிரித்துத் தனி வரிசையாக நிறுத்தினார். எந்த வரிசையில் நின்றாலும் முயலுக்குக் கேரட் குறைவாக இருக்கட்டும். அதில் சர்க்கரை அதிகம்.

கருவியும் விபத்தும்

மனிதருக்கான சிறிய நகவெட்டி குட்டி முயலுக்குப் போதும். பெரிய முயலின் வளைந்த நகத்தை அது நசுக்கிப் பிளந்துவிடும். பூனைக்கென்று விற்கும், கத்தரிக்கோல் போன்ற வெட்டி நல்லது. நகத்துக்குள் பாதித் தூரம் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அது முடியும் இடத்திலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நுனிப் பக்கமாகத் தள்ளி வெட்ட வேண்டும்.

இங்கே இனம் குறுக்கிடுகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையத்தில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகிய இரு இனங்களும் உண்டு. தூய வெள்ளையான ஒயிட் ஜெயண்டின் நகத்தில் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகக் கண்ணுக்கே தெரியும். சாம்பல் நிறச் சின்சில்லாவின் கருத்த நகத்தில் ஒன்றும் தெரியாது. நகத்துக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடிக்க வேண்டும். இதனால் பிடிப்பவர், வெட்டுபவர் என்ற இரட்டை அமைப்பில் விளக்குப் பிடிப்பவர் என்ற மூன்றாவது பதவி உருவாகிறது. பெரும்பாலும் இது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒதுக்கப்படுகிறது.

தப்பித் தவறி வெட்டு ஆழமாகிவிட்டால் ரத்தம் துளிர்க்கும். பார்ப்பதற்குத்தான் பயங்கரம். சுத்தமான பஞ்சால் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, ரத்தம் கட்டும் பொடியோ, அது இல்லையென்றால் சமையலறைச் சோளமாவோ வைத்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவர். அதைவிடக் கவனிக்க வேண்டியது முயலின் சாப்பாடு. பயந்துபோன முயல் தீனியை நிறுத்திவிட்டால் குடல் இயக்கமே நின்றுபோகலாம். அரை நாள் அது எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

மேலாய்வுக்குரியவை

வெட்டிய நகத்துண்டு எங்கே தெறிக்கிறது என்பது இன்னும் கண்டறியப்படவில்லை. ஒரு வாரம் கழித்து வெறுங்காலில் குத்தும்போதுதான் தரவு கிடைக்கிறது. நகவெட்டி இருக்கும் மேசை இழுப்பறை திறக்கும் ஓசையையும் மற்ற இழுப்பறைகள் திறக்கும் ஓசையையும் முயல் எப்படிப் பிரித்தறிகிறது என்பது இரண்டாவது கேள்வி.

மூன்றாவது, கோபம் யார் மேல் என்பது. விடுபட்ட முயல் பின்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டும். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். வெட்டியவர் கையிலிருக்கும் தழையைச் சற்று நேரத்திலேயே வந்து வாங்கிக்கொள்ளும் முயல், பிடித்தவரைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறது என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். பிடிப்பவர் பதவிக்கு யாரும் விண்ணப்பிக்காததற்கும் இதுவே காரணம். அடுத்த மாதத்துக்கான நியமனத்தில் கணவர் மனைவியையும், மனைவி மாமனாரையும் பரிந்துரைத்திருக்கிறார்கள். மாமனார் அந்த வாரம் ஊருக்குப் போவதாக இருக்கிறார்.