கறுப்புத் திரையும் ஜெர்மன் ஞாயிறும்

மியூனிக்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஞாயிறன்று வீடியோ காலில் நான் வரவில்லை என்றதும், எனக்கு ஜுரம் என்று அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டதாகக் கேள்வி. படுத்தது நானில்லை, என் லேப்டாப். போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். வைத்தியம் தேடிப் படிக்க அது ஒன்றுதான் கையில் இருந்தது.

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். இந்த ஊர் மாநகராட்சியே ஏறக்குறைய 15,000 கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்பலாம் என்று தீர்மானம் போட்டது. அதை எனக்குச் சொல்லிக்காட்டாத ஆள் ஆபீஸில் கிடையாது. நானும் விடுவதாக இல்லை. காலையில் காபியும் கையுமாக அப்டேட் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை! இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

கடைக்குத் தூக்கிப் போகலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு ஓய்வுக்கு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு. கடை கிடையாது, சுவரில் துளை போடக் கூடாது. காலி பாட்டிலைத் தொட்டியில் டங்கென்று போட்டால் மாடிவீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்துவிடுவார்.

மின்வாரியத்தில் இருந்தபோது சொல்வீர்களே, கரண்ட் எதுவரை வருகிறதென்று பார்த்துவிட்டு அப்புறம் கம்பத்தில் ஏறு என்று. அதைத்தான் செய்தேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வர வேண்டும். வந்தது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குச் சமையல் ஜோராக நடக்கிறது, மேடை அலங்காரம்தான் சரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

பாஸ்வேர்டு போட்டேன். தப்பு என்றது. நிதானமாகப் போட்டேன். அப்பவும் தப்பு. ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். எழுத்துத் திரையோ தனக்கு வாய்த்தது அமெரிக்கக் கீபோர்டு என்ற நினைப்பில் இருந்தது. சிறுகோடு வேண்டுமானால் எஸ்ஸெட் என்ற ஜெர்மன் எழுத்தை அழுத்த வேண்டும். சாய்கோடு வேண்டுமா, அப்போது சிறுகோட்டை அழுத்து! கட்டளைகளில் பாதி இந்த இரண்டு கோடுகள்தான்.

ஒருவழியாக உள்ளே நுழைந்தேன். ஜர்னல்சிடிஎல் என்று அடித்தால், நடந்த அத்தனையையும் மெஷின் ஒப்பிக்கும். முக்கால்வாசி வெறும் புலம்பல். சிவப்பு எழுத்தில்தான் விஷயம் இருந்தது. லினக்ஸின் மையமான கெர்னல் புதுசு வந்துவிட்டது. கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை அதற்கேற்ப மறுபடி கட்ட வேண்டும், கட்டத் தேவையான ஹெடர் ஃபைல்கள் வந்து சேரவில்லை. கரண்ட் அந்த இடத்தில் நின்றிருக்கிறது, சித்தப்பா.

நல்லவேளை, புதுக் கெர்னல் வந்தாலும் பழையதையும் ஓரமாக வைத்திருக்கும் புத்தி இதற்கு உண்டு. ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி டெஸ்க்டாப் வந்து நின்றது. ஹெடர்களை இறக்கி, டிரைவரைக் கட்டி, புதுக் கெர்னலிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அதற்குள் நீங்களெல்லாம் தூங்கியிருப்பீர்கள்.

சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, மாடிப் பாட்டி இறங்கி வந்தார். திட்டு நிச்சயம் என்று நின்றேன். தன் பழைய லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறதாம், லினக்ஸ் போட்டுத் தருவாயா என்றார். கூலி பிளம்ஸ் கேக். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி 8 மணி வரை கடை திறந்திருக்கும்.

அன்புடன்,
குமார்