கொம்பு முளைத்த புத்தகம்

ஸ்கார்பரோ, டொராண்டோ
பிப்ரவரி, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில், "புத்தகத்துக்கு எதுக்குடா கரண்டு?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டீர்கள். அத்தைக்கு என் கொலஸ்ட்ரால்தான் முக்கியம். அதனால் எழுதுகிறேன்.

என்னை இந்த மின்புத்தகக் கருவியை வாங்க வைத்தது விமான நிலையத்துத் தராசு. பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. போன தடவை சென்னையில் 27 காட்டியது. பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்ட, தரையில் பெட்டியைப் பிரித்தோம். மிளகாய்ப்பொடியா நாவலா என்ற கேள்வி வந்தபோது என் மனைவி யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு பைண்டு புத்தகத்தை மட்டும் ஸ்வெட்டருக்குள் சுருட்டிக் காப்பாற்றினேன். அது எந்தப் புத்தகம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கரண்டு விஷயம். இந்தத் திரைக்குள் நிஜமாகவே மை இருக்கிறது மாமா. கண்ணுக்குத் தெரியாத பொடி உருண்டைகள் லட்சக்கணக்கில். ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்புத் துகள், வெள்ளைத் துகள். மின்சாரம் இந்தப் பக்கம் இழுத்தால் கறுப்பு மேலே வரும், அந்தப் பக்கம் இழுத்தால் வெள்ளை. வந்தது வந்த இடத்திலேயே நிற்கும். ஆக, பக்கம் திருப்பும்போதுதான் கரண்டு. நீங்கள் ஒரே பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கக் குறட்டை விடலாம், எழுத்துக்காக ஒரு சொட்டு செலவாகாது. விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினால்தான் பாட்டரி இறங்கும். 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பிய சிலர் இதற்கென்றே கம்பெனி தொடங்கினார்கள். இன்றைக்கு அது தைவான்காரர் கையில். மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருக்கும் திரை பெரும்பாலும் அவர்களுடையதுதான்.

அது தெரியாமல் மூன்று வாரம் திரை திரையாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் மண்டையில் உறைத்தது: இந்தக் கருவி ரேஷன் கார்டு மாதிரி. கிண்டில் வாங்கினால் உங்கள் கார்டு அமேசான் கடையில். கோபோ வாங்கினால் கோபோ கடையில். நூக் என்று ஒன்று, அது அமெரிக்கப் புத்தகக்கடைக்காரர்களுடையது, நமக்கு ஆகாது. பூக்ஸ் என்று சீனத்திலிருந்து ஒன்று, எந்தக் கடைக்கும் போகும், ஆனால் அதை ஓட்டத் தனியாக ஒரு டிப்ளமோ வேண்டும்.

கிண்டில்தான் மூத்தவர் மாதிரி நடந்துகொள்வார். 2007 நவம்பரில் 399 டாலருக்கு வந்தது, ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துபோனது. ஆனால் அதற்கு முன்பே சோனிக்காரர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள், பாவம், யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கோபோ இந்த ஊர்ப் பிள்ளை. 2009-இல் டொராண்டோவில் பிறந்தது. ஆங்கிலத்தில் ‘புக்’ என்ற நாலெழுத்தைக் குலுக்கிப் போட்டால் கோபோ. ஊர்ப்பாசத்தில் சாய்ந்தேன் என்று நினைக்காதீர்கள், அதையும் ஒரு ஜப்பான் கம்பெனி வாங்கி வருஷக்கணக்காகிறது.

நான் சாய்ந்தது நூலகத்துக்காக. இங்கே பொது நூலகத்தில் மின்புத்தகம் இரவல் தருகிறார்கள், காசு கிடையாது. கோபோவில் நூலக அட்டை எண்ணைப் போட்டுவிட்டால் கருவிக்குள்ளேயே நூலகம் திறக்கும். கிண்டிலுக்கு நூலகப் புத்தகம் வருவது அமெரிக்காவில் மட்டும்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் கிடையாது.

வாடகை நூல் நிலையம் நடத்திய உங்களுக்கு இதில் ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. பிடிப்பது: மூன்று வாரம் முடிந்தால் புத்தகம் தானாகவே மறைந்துவிடும். சைக்கிளில் பையனை அனுப்பி, "சார் ஊர்ல இல்லை" என்று சார் குரலிலேயே பதில் கேட்டுத் திரும்ப வேண்டாம். பிடிக்காதது: ஒரு பிரதியை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் தரலாம் என்று பல பதிப்பாளர்கள் கண்டிஷன் போடுகிறார்கள். கிழியாத, காபி கறை படாத, கரையான் தொடாத புத்தகத்துக்கு வரிசை! அதற்கும் மேலே, 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் ஒரு விதி கொண்டுவந்தது: 26 தடவை இரவல் போனால் பிரதியின் ஆயுள் முடிந்தது, நூலகம் மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டும். கல்கி இதழிலிருந்து பிரித்துத் தைத்த உங்கள் ‘பொன்னியின் செல்வன்’ பாகங்கள், அந்தக் காணாமல் போன மூன்றாம் பாகம் தவிர, ஒரு கோடை விடுமுறையிலேயே 26 வீடு பார்த்திருக்கும்.

வாங்கிய புத்தகமும் சாசுவதம் என்று நினைத்துவிடாதீர்கள். 2009-இல் சில பதிப்புகள் விற்கும் உரிமை இல்லாதவர்களிடமிருந்து வந்தன என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அவற்றை அழித்துவிட்டது. காசைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார்கள். அழிந்ததில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. வீட்டுக்குள் புகுந்து கண்காணிக்கும் அரசாங்கத்தைப் பற்றிய நாவல். அவர்களுக்கு வேறு புத்தகமா கிடைக்கவில்லை!

தமிழ் எப்படித் தெரிகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். ஒரு நண்பரிடம் பழைய கருவி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன், என்ன கம்பெனி என்பது வேண்டாம். ‘பொன்னி’ என்ற சொல்லில் ப தனியாக நிற்கிறது, கொம்பு அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிறது. கணினிக்குள் முதலில் ப-தான் வரும், பிறகுதான் ஒகரக் குறி. அந்தக் குறியைப் பிட்டு, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுவந்து வைப்பது திரையின் வேலை. அந்தக் கருவிக்கு அது தெரியவில்லை. அரைப் பக்கம் படிப்பதற்குள் எனக்கே கொம்பு முளைத்துவிட்டது.

கோபோவில் நாமே ஒரு தமிழ் எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போடலாம். போட்டேன், கொம்பு தன் இடத்துக்கு வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சும்மாவே தருகிற பழைய நூல்களை இறக்கினேன். அவற்றைப் பி.டி.எஃப். ஆக அப்படியே திறந்தால் கடுகு எழுத்து. காலிபர் என்ற இலவச மென்பொருளில் கொடுத்து மாற்றினால் பக்கம் விரிந்து கொடுக்கிறது. அந்த மென்பொருளை 2006-இல் எழுதத் தொடங்கியவர் பெயர் கோவிட் கோயல். பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே அவருக்கு அதுதான் பெயர், நம்புங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதுத் தமிழ் நாவல்கள் கிண்டில் கடையில்தான் குவிந்திருக்கின்றன, 2016-லிருந்தே அங்கே தமிழுக்குத் தனி அலமாரி. அதற்கு என் போனை வைத்துக்கொண்டேன். ஆக, எனக்கு இப்போது இரண்டு ரேஷன் கார்டு. தாசில்தாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கோபோவிலும் பொத்தான் வைத்த லிப்ரா மாடலாகப் பார்த்து வாங்கியதற்குக் காரணம் என் மூக்கு. பஸ் ஸ்டாப்பில் மைனஸ் பதினைந்து. கையுறையோடு தொட்டால் திரை அசையாது, கழற்றினால் விரல் விறைக்கும். இரவல் கருவியில் இரண்டு நாள் மூக்கு நுனியால் பக்கம் திருப்பினேன். பக்கத்தில் நின்ற சீனத்துப் பாட்டி, நான் புத்தகத்தை முகர்கிறேன் என்று நினைத்து, தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நீட்டினார்.

அடுத்த பொங்கலுக்கு வரும்போது உங்களுக்கும் ஒன்று கொண்டுவருகிறேன். எழுத்தைச் சுண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம், கண் ஆபரேஷன் ஆன பிறகும் கஷ்டம் இருக்காது.

அதோடு, ஸ்வெட்டருக்குள் சுருட்டி வந்த அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். மூன்றாம் பாகம், மாமா. 1996-இல் பள்ளிக்கூடப் பையில் வைத்தது. ரயில்வே கிளார்க் வீட்டில்தான் அமுக்கிவிட்டார்கள் என்று அவரோடு பேச்சையே நிறுத்தினீர்களே, அவர் இன்னும் பட்டமங்கலத் தெருவில்தான் இருக்கிறாரா? இருந்தால் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு ஆயிற்று என்று கணக்குப் போட்டு எழுதுங்கள், டாலரில் மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகன்