வெள்ளிக்கிழமைக் கத்தரி

இலங்கை அமைச்சரவை எங்களைத் தோட்டக்காரர்களாக்க முடிவெடுத்தது 2022 ஜூன் மாதத்தில். அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை. அந்த நாளில் வீட்டு வளவில் பயிர் செய்ய வேண்டும். பெற்றோல் இல்லாததால் கந்தோருக்குப் போக வழியில்லை, விலை ஏறியதால் சந்தைக்குப் போகவும் வழியில்லை. இரண்டுக்கும் ஒரே மருந்தாக மண்வெட்டியைக் கையில் தந்தார்கள். அதற்கு முந்திய வருடம் ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை என்று அறிவித்து, நவம்பரில் அதைக் கைவிட்டிருந்தார்கள். உழவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தாயிற்று, மிச்சமிருந்தவர்கள் எழுதுவினைஞர்கள்தான்.

கொழும்பில் ஜூன் மாதம் என்றால் தென்மேற்குப் பருவமழை. யன்னலால் எட்டிப் பார்த்தவர்களுக்குப் புல் பச்சையாகத் தெரிந்திருக்கும். பயிர் வைக்க இதைவிட நல்ல காலம் எது என்று தோன்றியிருக்கும். அந்தப் பருவக்காற்றே மலைநாட்டில் ஏறி, கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, எங்கள் திருகோணமலைப் பக்கம் இறங்கும்போது வெறும் சூட்டோடு வருகிறது. அதற்குப் பெயர் கச்சான். திருகோணமலைத் துறைமுகம் உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் எந்தக் காற்றிலும் ஒதுங்க இடம் கொடுக்கும். ஆனால் கச்சானில் ஒரு கத்தரி நாற்றுக்கு ஒதுங்க இடம் கொடுக்காது. எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை மட்டும். ஊரில் நாற்றுப் போடுகிறவர்கள் புரட்டாதியில் போடுவார்கள், அல்லது மாரியின் வால்பக்கத்தில் போட்டுத் தையில் பிடுங்கி நடுவார்கள். ஆனியில் போடுகிறவர்கள் சுற்றறிக்கை வாசிக்கிறவர்கள் மட்டும்தான்.

என் மாமி தம்பலகாமத்துக்காரி. வயல்காரக் குடும்பம். வெள்ளிக்கிழமை காலையில் நான் மண்வெட்டியோடு இறங்கியதைப் பார்த்துவிட்டு, வாசற்படியில் இருந்தபடி கேட்டார்: "தம்பி, கிணறு இறைக்கவோ?"

"இல்லை மாமி, நாத்துமேடை போடப்போறன்."

"ஆனியிலயோ?"

"அரசாங்கம் சொல்லியிருக்கு மாமி."

"அப்ப தண்ணியும் அவையளே ஊத்துவினமாக்கும்" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த மூன்று மாதமும் அவர் செய்த விவசாயம் அந்தப் படியில் இருந்து என்னைப் பார்த்ததுதான்.

விதை கிடைப்பதில் சிக்கல் இல்லை. 'தின்னவேலி ஊதா' கத்தரியும், 'எம்.ஐ. 2' மிளகாயும் பைக்கற்றில் கிடைத்தன. தக்காளி விதையைச் சமையலறையில் அழுகத் தொடங்கியிருந்த பழத்தில் இருந்து பிதுக்கிச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தோம். சிக்கல் நாளில்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு பெட்டி நிறையக் கத்தரி நாற்று இருந்தது. கேட்டேன். "ஐயோ தம்பி, வெள்ளிக்கிழமையில வீட்டில இருந்து ஒண்டும் குடுக்கக்கூடாது, லட்சுமி போயிடும்" என்றார். மற்ற நாட்களில் எனக்குக் கந்தோர். நாடு முழுக்கப் பயிர் செய்யச் சொன்ன நாள், எங்கள் ஒழுங்கையில் ஒரு நாற்றுக்கூடக் கைமாறாத நாள். அதுமட்டுமா, வெள்ளி காலையில் நாங்கள் கோணேசர் கோயிலுக்கு. மத்தியானம் கிண்ணியாப் பக்கத்து நண்பர்கள் ஜும்ஆவுக்கு. திருகோணமலையில் கடவுள்கள் எல்லாருமாகப் பங்குபோட்டு முடித்த ஒரு கிழமையைத்தான் கத்தரிக்காய்க்கு ஒதுக்கியிருந்தார்கள்.

நாற்றுமேடைக்கு ஒரு முறை இருக்கிறது. மூன்றடி அகலத்துக்கு மண்ணை அரையடி உயர்த்தி, மட்டப்படுத்தி, மேலே வைக்கோலும் உமியும் பரப்பி எரிக்க வேண்டும். மண்ணில் இருக்கும் பூஞ்சணமும் களைவிதையும் அதில் சாகும். நானும் எரித்தேன். சமையல் எரிவாயு சிலிண்டருக்கு ஊரே காத்துக்கிடந்த காலம் அது. வளவில் புகை எழும்பினால் அது சமையல் என்றுதான் அர்த்தம். சிறிது நேரத்தில் பின்வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு சோற்றுப்பானை வந்தது, அதற்குப் பின்னால் பின்வீட்டு ஆச்சி வந்தார். "நெருப்பு வீணாப் போகுது மோனை, இதையும் ஒருக்கா வைச்சு எடுப்பம்." பூஞ்சணத்துக்கு மூட்டிய நெருப்பில் பின்வீட்டுச் சோறு வெந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு கேத்தலை வைத்தார்கள். அந்த மூன்று மாதத்தில் என் தோட்டம் ஊருக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான். அப்போது அதில் ஒரு விதைகூட விழுந்திருக்கவில்லை.

மிச்ச விவசாயப் படிப்பை நான் பெற்றோல் வரிசையில் முடித்தேன். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் நூறளவில். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கியபோது ஒன்று எரிந்தது. மிச்சத்தை வைத்துக்கொண்டு, உலகத்தில் பேர்போன அந்த எண்ணெய்க் குதங்களின் ஊரில், ஐந்து லீற்றர் பெற்றோலுக்காக நாங்கள் விடிய முதலே வண்டியை உருட்டிக்கொண்டு நின்றோம். வரிசை நகராது. நகராத வரிசையில் எல்லாரும் விவசாயப் போதனாசிரியர்கள். விதையை ஒரு இரவு பாலில் ஊறப்போட வேண்டும் என்றார் ஒருவர். பால்மாவே கிடைக்காத நேரத்தில் பாலுக்கு எங்கே போவது என்று பின்னால் நின்றவர் சண்டைக்கு வந்தார். மேல்நோக்கு நாள் பார்த்துத்தான் விதைக்க வேண்டும் என்றார் வேறொருவர். எந்தப் பஞ்சாங்கத்தின்படி என்று அவருக்கு முன்னால் நின்றவர் திரும்ப, வாக்கியமா திருக்கணிதமா என்று தொடங்கியது. பெற்றோல் பவுசர் வராது என்ற செய்தி வரும்வரை அது ஓயவில்லை. கிண்ணியாவில் நாற்று விற்கிற காக்கா ஒருவர் மட்டும் முச்சக்கர வண்டிக்குள் சாய்ந்திருந்தபடி சொன்னார்: "விதையை அரை இஞ்சிக்குமேல தாக்காதீங்க. எறும்புக்குச் சுத்திவரச் சாம்பல் போடுங்க. தண்ணியப் பூவாளியால மெல்லமா ஊத்துங்க. மிச்சம் எல்லாம் கதை." இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்ததற்குக் காரணம் கேட்டேன். "பேசினா நாளைக்கு எங்கிட்ட ஆரு நாத்து வாங்குவாங்க?" என்றார்.

அவர் சொன்னபடியே போட்டோம். தக்காளி முதலில் தலைகாட்டியது, பிறகு கத்தரி. மிளகாய், சம்பள உயர்வு மாதிரி, வரும் வரும் என்று ஒரு கிழமைக்குமேல் காக்கவைத்துவிட்டுத்தான் வந்தது. இரண்டு இலையோடு வரிசையாக நின்ற நாற்றுகள் ஒரு காலையில் தண்டின் அடியில் நூலாகச் சூம்பி, தலைசாய்ந்து படுத்துக் கிடந்தன. நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சணம், ஈரம் மிஞ்சினால், மண்மட்டத்தில் தண்டைக் கடித்துச் சாய்த்துவிடும். ஈரம் எப்படி மிஞ்சியது என்று விசாரணை வைத்தேன். விடுமுறையாதலால் எல்லாரும் வீட்டில். விடிய எழும்பியதும் நான் ஊற்றினேன். பாவம், வெயில் என்று மனைவி ஊற்றினாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் இல்லாத அலுப்பில் ஊற்றினார்கள். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா, கொடுக்க முடியாத நாற்றுக்குப் பதிலாக, வாளியால் ஊற்றினார். ஒருவர் ஊற்றியது மற்றவருக்குத் தெரியாது. கச்சானில் ஒரு பயிர் தண்ணீர் கூடிச் செத்தது என்றால், இந்த ஊர்ச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "கவனிப்புக் கூடினாலும் சாகும், தம்பி."

தப்பிய நாற்றுகளை வெயிலுக்குப் பழக்க வேண்டும். இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்களில் இதே வேலை இருக்கிறது. அங்கே வசந்தம் வருமுன் வீட்டுக்குள் யன்னலோரம் நாற்றுப் போட்டு, கடைசி உறைபனி போனபின், பகலில் கொஞ்சநேரம் வெளியே வைத்துக் குளிருக்குப் பழக்கிய பிறகுதான் நடுவார்கள். எங்களுக்கு உறைபனி இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டும் உண்டு, அதுவும் அந்த வருடம் மின்வெட்டில் உருகிப்போயிற்று. நாங்கள் பழக்க வேண்டியது வெயிலுக்கு. தண்ணீரை மெல்ல மெல்லக் குறைத்து, காலை வெயிலை மட்டும் காட்டி, நிழலுக்கு இழுத்து, நாள்தோறும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அதற்காக நாற்றுகளைப் பால்மாப் பேணிகளுக்கும் யோகட் கோப்பைகளுக்கும் மாற்றி, ஒரு பழைய கதவின்மேல் அடுக்கி, நானும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முருங்கை நிழல் நகர நகர அதன் பின்னால் வளவைச் சுற்றி வந்தோம். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனைவி சொன்னாள்: "பிள்ளையள் கைக்குழந்தையா இருக்கேக்க ஒருக்காலாவது இப்பிடித் தூக்கியிருப்பியளே?" அதற்கு அரசாங்கம் விடுமுறை தரவில்லை என்றேன். அன்றைக்கு மத்தியானச் சோற்றுக்குக் குழம்பு வரவில்லை.

பிடுங்கி நடும் நாளுக்கும் முறை உண்டு. கத்தரி நாற்றில் நாலைந்து நல்ல இலை வந்திருக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கு. வெயில் தாழ்ந்தபிறகு, நாற்றுக்கு முதலில் தண்ணீர் காட்டி, வேரோடு மண்ணும் பிடித்திருக்கும்படி கிளப்பி, இரண்டரை அடிக்கு ஒன்றாகக் குழியில் வைத்து, அடிமண்ணை விரலால் அழுத்த வேண்டும். குழிக்குள் எரு. எருவும் அந்த வருடம் சும்மா வரவில்லை. உரத் தடை வந்ததில் இருந்து மாட்டுச் சாணி விலைப்பொருளாகிவிட்டது. திருகோணமலைத் தெருக்களில் படுத்திருக்கும் மாடுகளின் பின்னால் கௌரவமான மனிதர்கள் கடகத்தோடு நின்றார்கள். நட்ட நாற்றின்மேல் வாழைமட்டையை மடித்துக் கூடாரம் போட்டோம். மறுநாள் மத்தியானம் கச்சான் வந்து எல்லாக் கூடாரத்தையும் அள்ளிக்கொண்டு கடல் பக்கம் போயிற்று. பிறகு ஒவ்வொரு மட்டையின்மேலும் ஒரு கல் வைத்தோம். தூரத்தில் இருந்து பார்த்தால் சின்னச் சின்னக் கல்லறைகள். பிற்பாடு நடந்ததைப் பார்த்தால் அதுவும் பொருத்தந்தான்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் இருப்பது இலங்கை முழுக்கத் தெரியும். அவை கோட்டைக்குள் மட்டும் இருப்பதில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும். பஸ் நிலையத்தில் நிற்கும், கடற்கரையில் படுக்கும், இரவில் ஒழுங்கைகளுக்குள் ஊர்வலம் வரும். கச்சானில் புல் கருகிவிட்டால் அவற்றுக்கு ஊரே மேய்ச்சல் தரை. வனசீவராசிகள் சட்டம் அவற்றைக் காக்கிறது. நாற்றுகளோடு சேர்த்து நான் போட்டிருந்த பயிற்றங்கொடியைக் காக்க ஒரு சுற்றறிக்கை மட்டும் இருந்தது. மீன்பிடிக்காரர் கழித்துவிட்ட வலையை வாங்கிச் சுற்றிவரக் கட்டினேன். கொம்பன் ஒன்று வலையைக் கொம்பால் தூக்கிப் பிடிக்க, பிணைகளும் குட்டிகளும் குனிந்து உள்ளே வந்தன. விடியும்போது பயிற்றை இல்லை, கங்குன் இல்லை, தக்காளிக்குத் தலை இல்லை. பின்வீட்டுப் பொடியன் கைபேசியில் எடுத்த படத்தை ஒழுங்கை முழுக்கக் காட்டினான். "என்ன வடிவான மான்!" என்று எல்லாரும் சொன்னார்கள். மானின் வாயில் தொங்கியது என் பயிற்றை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

கத்தரியை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டிருந்தன. முள்ளும் சுணையும் அவற்றுக்குப் பிடிக்கவில்லைப் போலும். அது உயிரோடு இருந்ததே தவிர வளரவில்லை. கிணற்றில் தண்ணீர் கீழே போக உவர் ஏறியது. அந்தத் தண்ணீரைக் குடித்து, ஆடி முழுக்க, ஆவணி முழுக்க, நட்ட உயரத்திலேயே நின்றது. ஓய்வூதியத்துக்கு நாள் எண்ணுகிற என் மேலதிகாரியிடமும் இதைவிடக் கொஞ்சம் அசைவு தெரியும்.

மூன்று மாதக் கணக்கு முடிய, பழையபடி வெள்ளிக்கிழமையும் கந்தோர் நாளாயிற்று. அப்போதுதான் கலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். ஆனி, ஆடி, ஆவணி. கச்சான் தொடங்கி ஓயும்வரை விடுமுறை. ஐப்பசி மழைக்கு முன்னம் எல்லாரையும் கதிரைக்குத் திருப்பி அழைத்தாயிற்று. யாராவது வேண்டுமென்று கணக்குப் பார்த்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு துல்லியமாக வந்திராது.

ஐப்பசியில் முதல் மழை இறங்கியது. நான் கோப்புகளோடு இருந்தேன். கத்தரி ஒரே கிழமையில் புது இலை விட்டு, கார்த்திகையில் ஊதாப்பூப் பூத்து, மார்கழியில் காய்த்துக் கொட்டியது. நான் ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை. மான்களும் வரவில்லை, கோட்டைக்குள்ளேயே அவற்றுக்குப் புல் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொஞ்சம், பின்வீட்டு ஆச்சிக்குக் கொஞ்சம், செவ்வாய்க்கிழமை பார்த்துக் கொடுத்தோம்.

கார்த்திகையில் வெள்ளிக்கிழமை விடுமுறை தந்திருந்தால் இந்த ஊரில் விவசாயம் எங்கேயோ போயிருக்கும் என்று மாமியிடம் சொன்னேன். மாமி பொரித்த கத்தரிக்காயைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டார்: "தந்திருந்தால் என்ன செய்திருப்பியள், தம்பி?"

யோசித்துப் பார்த்தேன். அடைமழை, குளிர், விடுமுறை. போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன்.

"அதுதான் சரியான விவசாயம்" என்றார் மாமி.