பெட்டியில் வந்தால் வரி, பெட்டியோடு வந்தால் இல்லை

2019 டிசம்பர் 12 அன்று இந்திய அரசு ஓர் ஆணை போட்டது. வெளிநாட்டிலிருந்து தபாலிலோ கூரியரிலோ வருவதை இனி அன்பளிப்பு என்று சொல்லித் தீர்வை கட்டாமல் எடுக்க முடியாது. விலக்கு இரண்டுக்கு மட்டும்: உயிர்காக்கும் மருந்து, ராக்கி. ராக்கியோடு வரும் பரிசுக்கு அது பொருந்தாது என்பதையும் மறக்காமல் எழுதிவைத்தார்கள். தங்கை அனுப்பிய கயிறு உள்ளே வரலாம். கூடவே வந்த கைக்கடிகாரம் வரி கட்டவேண்டும். உட்கார்ந்து இதை யோசித்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். சிங்கப்பூர் அக்கா தீபாவளிக்கு அனுப்பும் சட்டைக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

கேட்டால் சீனாவைக் காட்டுவார்கள். சீன இணையக் கடைகள் அன்பளிப்புக்கான விலக்கு வரம்பான 5,000 ரூபாய்க்குள் விலை போட்டு, அன்பளிப்பு என்று சீட்டு ஒட்டிச் சரக்கை அனுப்பியது உண்மைதான். திருடனைப் பிடிக்கத் தெரியாதவர்கள் ஊரிலுள்ள எல்லார் வீட்டையும் வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள்.

சரி, வரி கட்டியே வாங்குவோம் என்கிறீர்களா? அன்றைய கணக்கைக் கேளுங்கள். ஒரு கீபோர்டு. விமானக் கூலியும் காப்பீடும் பொருளின் மதிப்பிலேயே சேரும், ஆக வண்டிக்கூலிக்கும் சுங்கம். எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் என்று வையுங்கள். தீர்வை 35 சதவீதம், 350. அந்த 350-க்கு 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 35. யாருடைய நலம் என்று கேட்கக்கூடாது. இப்போது 1,385 ஆகிவிட்டதா? இந்த முழுத்தொகைக்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. நீங்கள் கட்டிய வரியும் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய சரக்குதானாம்! ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு வரி 772 ரூபாய் 80 காசு. தீர்வை பிறகு இறங்கி, 2026 பட்ஜெட்டில் 10 சதவீதம் ஆனது. வரிக்கு வரி போடும் வழக்கம் மட்டும் அசையவில்லை. அந்த 2019-லேயே அச்சிட்ட புத்தகத்துக்கும் 5 சதவீதம் சுங்கம் போட்டார்கள். படித்து என்ன கிழிக்கப்போகிறோம்?

அரசு விட்டுவைத்ததைக் கூரியர்காரர் எடுத்துக்கொள்வார். உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு கட்டணம். கட்டச் சொல்லி நீங்கள் கேட்கவே இல்லை. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆதார் நகல் போய்ச்சேரத் தாமதமானால் கிடங்கு வாடகை. கடைசியில் கிழித்து டேப் ஒட்டிய பெட்டியோடு வாசலில் ஒரு பையன் நிற்பான். அவனிடம் கத்தாதீர்கள், அந்த ரசீது அவனுக்கும் புரியாது.

இதே கீபோர்டைத் துபாயில் வாங்கி, சூட்கேசில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்குகிறவர் எவ்வளவு கட்டவேண்டும்? ஒன்றுமில்லை. விமானத்தில் வரும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரையிலான சாமானுக்கு வரி இல்லாமல் இருந்தது. போதவில்லை என்று 2026-இல் அதை 75,000 ஆக்கினார்கள். பதினெட்டு வயது ஆனவர் தனியாக ஒரு லேப்டாப்பும் கொண்டுவரலாம். வீட்டிலிருந்து வரவழைக்கிறவனுக்கும் சட்டம் ஒரு தயவு காட்டியிருக்கிறது: தீர்வை 100 ரூபாயைத் தாண்டாவிட்டால் வசூலிக்க மாட்டார்கள்.

டிக்கெட் எடுத்துப் பறக்க வக்குள்ளவனுக்குப் பச்சை வழி. விழுப்புரத்தில் பஸ் காசை மிச்சம் பிடித்து, புராஜெக்டுக்கு ஒரு சர்க்யூட் போர்டு வரவழைக்கும் பாலிடெக்னிக் மாணவன் சுங்கம் கட்டவேண்டும். எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே தயாரியுங்கள் என்று மேடைக்கு மேடை முழங்குவதும் அவனைப் பார்த்துத்தான்.