பாரிஸ் மாலுக்குப் பங்காளி

கேள்வி: பாரிஸில் இருக்கும் மாமா, “யூனிபை-ரோடம்கோ-வெஸ்ட்ஃபீல்டு பங்கு வாங்கு, உட்கார்ந்த இடத்தில் வாடகை வரும்” என்கிறார். வாங்கலாமா? (வாசகர், காரைக்கால்)

பதில்: 1954இல் பிரெஞ்சுக்காரர் மூட்டை கட்டிய ஊரிலிருந்து அவர் மாலுக்கே பங்காளியா! பேஷ். ரிசர்வ் வங்கி வருஷத்துக்கு 2.5 லட்சம் டாலர்வரை அனுப்ப விடுகிறது. (அவ்வளவு இருந்தால் என்னிடம் ஏன் கேட்கிறீர்?) வாடகை லாபத்தில் 95 சதவீதத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துத் தந்தால், மால்களை வாடகைக்கு விடும் இத்தகைய கம்பெனிக்குப் பிரான்ஸில் வரிச்சலுகை. ஆனால் லாபம் வரவேண்டுமே! 200 யூரோவுக்குமேல் விற்ற அந்தப் பங்கு, 2020 கொரோனாவில் 40க்கும் கீழே போனது. 2021 முதல் மூன்று வருஷம் டிவிடெண்டே இல்லை; 2024இல்தான் 2.50 யூரோ தந்தார்கள். திருநள்ளாறு ரோட்டு வீட்டில் குடித்தனக்காரர் வாடகை பாக்கி வைத்தால், திண்ணையில் போய் உட்கார்ந்துவிடலாம். பாரிஸ் மால் வாசலில் உட்கார்ந்தால் போலீஸ்தான் வரும். ஜாமீனுக்கு நீர் மாமாவையே கூப்பிடும்.