கணக்குப் பிள்ளைக்கு இரக்கமில்லை

சுழல்தட்டு மீட்டருக்குக் கொஞ்சம் தாட்சண்யம் இருந்தது. வயதாக ஆக உராய்வு கூடி, ஜீரோ வாட் பல்பு எரிந்தால் தட்டு அசையவே யோசிக்கும். எலக்ட்ரானிக் மீட்டரோ, செட்டாப் பாக்ஸ் சும்மா கிடந்தாலும் எழுதிவைக்கிறது.

உடனே தெருவெல்லாம் ஒரே புகார்: "புது மீட்டர் தாறுமாறா ஓடுது சார்!" சோதிப்பது எளிது. முகப்பில் 3200 இம்பல்ஸ் என்றிருந்தால், சிவப்பு விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு 1000 வாட் இஸ்திரிப்பெட்டியை மட்டும் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 53 மினுக்கல். பெட்டி சூடேறித் தானே அணைந்தால் மினுக்கலும் நிற்கும். அதை மீட்டரின் மனசாட்சி என்று எண்ணிவிடக் கூடாது.

ஆனால் மீட்டரைச் சோதிக்கிற நாம், அதை மாட்டியபின் வயரிங்கில் கைவைத்தவரைச் சோதிப்பதில்லை. போர்ஷன் வீடுகளில் அவசரத்துக்கு மாடி வீட்டு நியூட்ரலைக் கீழ்வீட்டில் கோத்துவிடுவார் எலக்ட்ரீஷியன். விளக்கு எரியும், அவரும் கூலி வாங்கிக்கொண்டு போவார். மீட்டருக்கு மட்டும் சந்தேகம் வரும். திருட்டைத் தடுக்க, ஃபேஸிலும் நியூட்ரலிலும் மின்னோட்டத்தை அளந்து எது அதிகமோ அதைக் கணக்கில் ஏற்றும்படி பெரும்பாலும் மீட்டரைச் செய்திருக்கிறார்கள். ஆகவே மாடிவீட்டு மின்சாரம் மாடியில் ஃபேஸ் வழியாக ஒருமுறை, கீழே நியூட்ரல் வழியாக மறுமுறை. "எர்த்" என்ற குட்டி விளக்கும் எரிந்து காட்டிக்கொடுக்கிறது. கீழ்வீட்டுக்காரர் அதைச் சாமி விளக்கு மாதிரி பார்த்துவிட்டு, மீட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று திருப்தியாகப் பணம் கட்டுகிறார்.